தட்டில் வந்த தாய்மாமன்

1

இந்தக் கதை காளவாசல் சிக்னலில் எனக்குக் கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை, அதுவாக வந்து பக்கத்தில் நின்றது.

ஸ்கூட்டரில் நான் முன்னால், கனகலட்சுமி பின்னால். (கனகலட்சுமி என் மனைவி. நான் எழுதுவதை முதலில் படிப்பவள். இதுவரை எதையும் முழுதாகப் பாராட்டியதில்லை.) காய்கறிப் பையை என் முதுகில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அப்போது ஒரு குட்டியானை வந்து நின்றது. வெளியூர் வாசகர் பயப்பட வேண்டாம், சின்னச் சரக்கு வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். வண்டி நிறைய வாழைத்தார், பித்தளைப் பானை, பழத்தட்டு, பட்டுத் தட்டு. தாய்மாமன் சீர் போகிறது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். ஓரத்தில் முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருவன் ஒரு தட்டை மட்டும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். அந்தத் தட்டில், தேங்காயில் சாய்ந்து, ஒரு செல்போன் நிமிர்ந்து நின்றது. போனுக்கு மாலை போட்டிருந்தது.

போனுக்குள் ஒரு முகம். அது திரும்பி என்னைப் பார்த்தது.

"அண்ணே, இது காளவாசல் தானே?"

"ஆமா" என்றேன். போனுக்குப் பதில் சொல்கிறோமா, தட்டுக்குப் பதில் சொல்கிறோமா என்று ஒரு குழப்பம் இருந்தது.

"பாலம் வந்தப்பறம் எடமே அடையாளம் தெரியலண்ணே" என்றது முகம். பச்சை விழுந்தது. வண்டி போய்விட்டது.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் வருவதெல்லாம் நான் கட்டியது. ஒட்டுப் போட்ட இடம் எங்காவது தெரிந்தால் பெரிதுபடுத்தாதீர்கள், எல்லா வீட்டிலும் ஒரு சுவரில் அப்படி இருக்கும்.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டை மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

"ஒரு கம்பியில்லா வலைப்பின்னலிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயரும்போது படமும் குரலும் அறுந்துவிடாமல் காப்பது இன்றைய தகவல்தொடர்புத் துறையின் மிக முக்கியமான—"

(கதையா இது? கல்லூரிப் பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் தூங்கும் பக்கம். அடித்தேன்.)

"நாகமலையின் மேல் மேகங்கள் கூடிக் கலைந்த ஒரு காலைப் பொழுதில்—"

(மேகத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அடித்தேன்.)

"ஜெயபாண்டி தன் தங்கை மகனின் காதுகுத்துக்கு ஒரு பித்தளைத் தட்டில் வந்தான்."

(இது நிற்கட்டும்.)

அந்த முகத்துக்கு ஜெயபாண்டி என்று பெயர் வைத்தேன். பரவைக்காரன். குவைத்தில் காய்கறிகளைக் குளிரில் அடுக்கி வைக்கும் கிடங்கில் வேலை. அவன் தங்கை தமிழ்ச்செல்வி, கப்பலூரில் வாழ்க்கைப்பட்டவள், புருஷன் அங்கே ஒரு பிளாஸ்டிக் பைப் கம்பெனியில் இருக்கிறான். அவர்களுடைய ஒரு வயசுப் பையன் அழகுராஜாவுக்குத்தான் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் ஒரு பிள்ளைக்கும் காது குத்துவதில்லை.

இனி அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு சண்டை வேண்டும். நிலத்தகராறு என்று எழுதினேன். கனகலட்சுமி, "எந்தக் கதைய எடுத்தாலும் இதானா?" என்றாள். அடித்தேன். அப்புறம் இப்படி வைத்தேன்: அவர்களுடைய அம்மா இறந்தபோது ஜெயபாண்டிக்கு லீவு கிடைக்கவில்லை. வரவில்லை. தமிழ்ச்செல்வி தனியாக நின்று எல்லாம் செய்தாள். பதினாறாம் நாள் காரியத்தன்று அவன் போன் பண்ணியபோது, கூட்டத்தின் நடுவே எல்லோருக்கும் கேட்கும்படி, "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டாள். அவனும் சளைத்தவன் இல்லை. "நீயா வான்னு சொல்லாம மிதிக்க மாட்டேன்" என்றான். அதோடு பேச்சு நின்றது. அடுத்த வருஷம் லீவில் வந்தவன் கப்பலூர் வழியாகவே பஸ்ஸில் போனான், இறங்கவில்லை. அவளும் அவன் ஊருக்கு வந்திருப்பது தெரிந்து, பரவைப் பக்கமே தலை காட்டவில்லை.

3

தட்டைச் சுமந்தவனுக்கு ஜெய்சன் என்று பெயர். பரவையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஜெயபாண்டியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இருவரும் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள், யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. இந்தக் கதையை நான் ஜெய்சனின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கப் போகிறேன். அவன் எங்கே திரும்புகிறானோ அங்கேதான் நமக்கும் கண்.

காதுகுத்துக்கு முந்தின வாரம் ஜெயபாண்டி அவனைக் கூப்பிட்டான்.

"மாப்ள, சீர நீதான் கொண்டு போகணும். பெரியப்பா கண்ணுச்சாமி கூட வருவாரு. ஆனா என் தட்டு உன் கையில தான் இருக்கணும்."

"என்னது உன் தட்டு?"

"நானும் வாரேன்டா. போன்ல. தட்டுல வச்சுத் தூக்கிட்டுப் போ. வாசப்படிய மிதிக்காதன்னுதான சொன்னா? நான் எங்க மிதிக்கிறேன்? தட்டுல தானே வாரேன்."

ஜெய்சன் சிரித்தான். ஜெயபாண்டி சிரிக்கவில்லை.

"மாப்ள, இங்க கம்பெனில ரெண்டு வருசத்துக்குப் புதுசா கையெழுத்துக் கேக்குறாங்க. போடாம வச்சிருக்கேன். அவ வாசல்ல நின்னு ஒரே ஒரு தடவ வான்னு சொல்லட்டும், பெட்டியக் கட்டிட்டுச் சித்திரைக்குள்ள ஊருக்கு வந்துருவேன். சொல்லலன்னா கையெழுத்துப் போட்டுட்டு இங்கயே கெடந்துக்கிறேன். அவகிட்ட இதச் சொல்லிராத. நான் தட்டுல வாரேன்னும் சொல்லாத. கேட்டு வாங்குற வா எனக்கு வேண்டாம்."

ஆக, இந்தக் கதை ஒரு 'வா'வுக்காக நடக்கிறது. அதை நீங்களும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது, அது பெரியப்பா கண்ணுச்சாமியுடையது. மாமன் வரிசை கிளம்பிவிட்டால் பாதி வழியில் நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது. "நடுவுல போன் கட்டாச்சுன்னா மாமன் பாதியில திரும்பிட்டான்னு ஆயிரும். சம்பந்தகாரங்க சும்மா இருப்பாகளா?" என்றார் அவர். பரவை வீட்டில் கிளம்பி கப்பலூர் மண்டபம் வரை, ஒரே அழைப்பு. அறுபடக் கூடாது.

ஜெய்சன் யோசித்தான். வீட்டுக்குள் வைஃபை. தெருமுனை தாண்டினால் போனில் உள்ள சிம். அது திணறும் இடங்களில், அவன் சட்டைப்பையில் இருக்கும் இன்னொரு போன், வேறு கம்பெனி, அதன் ஹாட்ஸ்பாட். கடைசியாக மண்டபத்து வைஃபை. முந்தின நாளே கப்பலூர் போய் மண்டபத்து வைஃபைக்குப் பாஸ்வேர்டு கேட்டு வாங்கிப் போனில் போட்டு வைத்துவிட்டு வந்தான். (இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். அங்கேதான் வினை இருக்கிறது.)

"இதுல என்னடா கஷ்டம்?" என்று ஜெயபாண்டி கேட்டான்.

"கைப்பிள்ளைய ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தர் வாங்குறோம்ல மாப்ள. வாங்குற கை நல்லாப் பிடிச்சப்பறம்தான் குடுக்குற கை விடணும். ஒரு டவர்ல இருந்து அடுத்த டவருக்குப் போறப்ப அப்படித்தான் நடக்கும். ரெண்டும் ஒரே வீட்டு ஆளுக, அதுகளுக்குள்ள பேசிக்கிரும். வைஃபையும் சிம்மும் வேற வேற வீடு. இது விட்டப்பறம்தான் அது கை நீட்டும். நடுவுல கொஞ்சம் பிள்ள அந்தரத்துல நிக்கும்."

"கீழ விழுந்துருமா?"

"விழாது. ஆனா அந்த நேரம் யார் பேசுனாலும் யாருக்கும் கேக்காது."*

(* இந்த விளக்கம் ஜெய்சனுடையது என்று எழுதிவிட்டேன். நிஜத்தில் என் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொடுத்த கடைக்காரர் சொன்னது. நான் படைத்த ஆளுக்கு எனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிய வேண்டியிருந்தது, அதனால் கடன் வாங்கினேன். கடைக்காரர் இந்தக் கதையைப் படிக்க மாட்டார் என்கிற தைரியம்.)

4

பயணத்தை நான் ஆசையாக எழுதினேன். கனகலட்சுமி பாதியை வெட்டச் சொன்னாள். வெட்டியதுபோக மிச்சம்:

பரவை வீட்டு வாசலில் தேங்காய் உடைத்துக் கிளம்பினார்கள். தெருமுனையில் படம் ஒரு குலுங்கு குலுங்கி, வைஃபையை விட்டு சிம்முக்கு வந்தது. அழைப்பு அறுபடவில்லை. ஜெய்சன் மூச்சு விட்டான். விளாங்குடி தாண்டியதும் ஜெயபாண்டிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. போன வாரம் வரை ஊரே வேண்டாம் என்றவன், "மாப்ள, தட்ட இங்கிட்டுத் திருப்பு, அந்தப் பரோட்டாக் கடை இருக்கான்னு பாப்போம்" என்றான். திருப்பினான். "அங்கிட்டுத் திருப்பு, மெல்ல, மெல்ல." திருப்பினான். சாமி புறப்பாட்டில் தூக்குகிறவர்கள்கூட இம்புட்டுத் திரும்பியிருக்க மாட்டார்கள்.

காளவாசலில் பெரியப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். "மாமன் மாலையில்லாம சபைக்குள்ள வரலாமா?" என்றார். பூக்கடைக்காரர், "மாப்பிள்ளைக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்டார். ஜெய்சன் போனைத் தூக்கிக் காட்டினான். பூக்கடைக்காரர் காளவாசலில் எத்தனையோ பார்த்தவர். விரலால் போனை ஒரு அளவு பார்த்துவிட்டு, சாமி படத்துக்குக் கட்டி வைத்திருந்த சின்ன ரோஜா மாலையை எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா அதை மாட்டினார். கையோடு திருநீறு பூசி, கண்ணாடியின் மேல் சரியாக நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்.

(இங்கே ஒரு வரைவு இருந்தது: "பெரியப்பாவின் விரல் சிவப்புப் பொத்தானில் பட்டு அழைப்பு—" வேண்டாம். பெரியவர் மேல் பழி போட மனசு வரவில்லை.)

அந்த நேரத்தில் யாருக்கும் ஒன்று தோன்றவில்லை. நாற்புறமும் சட்டம் போட்ட ஒரு முகம். அதற்கு மாலை, திருநீறு, பொட்டு. நம் வீடுகளில் அப்படி ஒரு முகத்தை எங்கே மாட்டி வைத்திருப்போம்? ஆனால் முகம்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறதே, யார் யோசிப்பார்கள். சிக்னலில் அதோடு பேசிய நானே யோசிக்கவில்லை.

பாலத்தடியில் சிம் திணறியது, சட்டைப்பை ஹாட்ஸ்பாட் ஏந்திக்கொண்டது. பழங்காநத்தம் தாண்டி மறுபடி சிம். "மூணு கை மாறியாச்சு மாப்ள!" என்று கத்தினான் ஜெய்சன். இனி ஒரே கை பாக்கி.

5

ஜெய்சனின் வலது காதில் நான் ஓர் இயர்போன் வைத்திருக்கிறேன். கம்பியில்லாதது, காதுக்குள் அடங்குவது. காரணம் மேளம். கப்பலூரில் பிள்ளையார் கோயில் முன்னால் இறங்கி, மண்டபம் வரை மேளதாளத்தோடு நடந்து போக வேண்டும், அந்த இரைச்சலில் போனில் பேசுவது யாருக்கும் கேட்காது. அதனால் ஜெயபாண்டியின் குரல் முழுவதும் ஜெய்சனின் காதுக்குள் மட்டும் வரும்படி அவன் மாற்றிக்கொண்டான். ஊருக்கு முகம், அவனுக்குக் குரல்.

இதை எழுதும்போதே எனக்கு ஜெய்சன் மேல் ஒரு சந்தேகம் வந்தது. இவன் நல்லவனா? நல்லவன்தான். ஆனால் ஒருவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு குரலைக் கொடுத்துவிட்டால், எந்த நல்லவனுக்கும் சோதனைதான். பார்ப்போம்.

6

மண்டப வாசலில் பந்தலுக்கு அடியில் ஒரு நாற்காலி போட்டு சீனியம்மாள் உட்கார்ந்திருந்தார். தமிழ்ச்செல்வியின் புருஷனுக்கு அத்தை. கண் புரை. விசேஷ வீடுகளுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போகிறவர். இரண்டு விதமான விசேஷங்களுக்கும்.

மேளம் நெருங்கியது. உள்ளே ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி சீர் வந்துவிட்டது என்று தட்டை எடுத்தாள். அண்ணன் இல்லாத சீர்தான் வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். பெரியப்பாவை வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம் என்று நினைத்திருந்தாள்.

ஜெய்சன் பந்தலுக்குள் கால் வைத்தான். போனும் கால் வைத்தது. முந்தின நாள் கற்றுக்கொடுத்த மண்டபத்து வைஃபை பக்கத்தில் இருப்பதை மோப்பம் பிடித்து, நன்றாகப் போய்க்கொண்டிருந்த சிம்மைக் கைவிட்டு, அங்கே தாவிவிட்டது. சிக்னல் கம்பெல்லாம் முழுசாகக் காட்டியது. கம்பு இருந்தால் போதுமா? மண்டபத்தில் சம்பந்தகாரர்கள் அத்தனை பேரும் அதே வைஃபையில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்த சொட்டுத் தண்ணியில் போன் என்ன செய்யும்? சத்தத்தை மட்டும் எப்படியோ காப்பாற்றிக்கொண்டு, படத்தை நிறுத்திவிட்டது.

ஜெயபாண்டி கண் சிமிட்டிய நேரத்தில் நின்றது படம்.

கண் மூடிய முகம். அசைவில்லை. மாலை. திருநீறு. பொட்டு. தட்டில் தேங்காய், பழம்.

சீனியம்மாள் குனிந்து பார்த்தார். "இது நம்ம செயபாண்டில்ல?" என்றார். இன்னும் கிட்டே குனிந்தார். பிறகு நெஞ்சில் ஓர் அடி.

"அடி ஆத்தே! எப்படா போனான் என் ராசா! ஏரோப்பிளேன் ஏறிப் போனவனே, தாம்பாளத்துல வந்தியேய்யா! மாமன் மடி கேட்ட பிள்ளைக்கு மால போட்டு வந்தியேய்யா!"

நம்மூரில் ஒரு ஒப்பாரி ஆரம்பித்துவிட்டால், இறந்தது யார் என்று விசாரித்துவிட்டு அழுகிற வழக்கம் இல்லை. அழுதுவிட்டுத்தான் விசாரிப்பார்கள். பந்தலில் நின்ற பெண்கள் தலைமுடியை அவிழ்க்காத குறைதான். நாதஸ்வரம் பாதியில் நின்றது. தவில்காரர் கை ஓட்டத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார். பெரியப்பா கண்ணுச்சாமி என்னவோ சொன்னார், யார் காதிலும் ஏறவில்லை.

ஜெய்சனின் காதில், தெளிவாக: "மாப்ள, என்னடா அங்க சத்தம்? யாருடா போயிட்டா?"

"நீதான்டா" என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தமிழ்ச்செல்வி வாசலுக்கு வந்துவிட்டாள்.

7

இந்த இடத்தில் கதையை மூன்று நாள் நிறுத்தி வைத்தேன். காரணம் கனகலட்சுமி.

"ஏங்க, ஒரு பொம்பளைய அழ வச்சாத்தான் உங்களுக்குக் கதை நகருமா? அவ ஏன் அதை நம்பணும்? அவளுக்கு மூள இல்லையா?"

நியாயமான கேள்வி. பதில் இது. எங்கள் பக்கம், விசேஷ வீட்டுக்குச் சாவுச் சேதி வந்தால் விசேஷம் முடிகிறவரை மறைத்து வைப்பார்கள். பந்தி முடிந்து பாத்திரம் கழுவிய பிறகுதான் காதோரம் வந்து சொல்வார்கள். தமிழ்ச்செல்விக்குத் தெரியாத வழக்கமா? பெரியப்பா ஏன் காலையிலிருந்து போனில் அவளிடம் சரியாகப் பேசவில்லை, நேற்று மண்டபத்துக்கு வந்த ஜெய்சண்ணன் ஏன் முகத்தை முகத்தை மறைத்தான் என்று அவள் மனசு ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது. (அவர்கள் மறைத்தது தட்டு விஷயத்தை. அவளுக்கு அது எப்படித் தெரியும்?) மூளை இருந்ததால்தான் நம்பினாள்.

"சரி, நம்பினா. என்ன சொல்றா?" என்றாள் கனகலட்சுமி. "அண்ணா என் தெய்வமேன்னு எழுதுனீங்க, தாளக் கிழிச்சிருவேன்."

அப்படித்தான் எழுதியிருந்தேன். ("என் உயிருக்குள் உயிராக இருந்த அண்ணா, உன்னை நான் என்று—" போகட்டும்.) கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அவள் அழவில்லை. திட்டினாள்.

ஆரத்தித் தட்டு கையிலேயே இருந்தது. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவள் போனுக்கு நேராக வந்து நின்றாள்.

"எந்திரிண்ணே" என்றாள். "எந்திரி. யாரக் கேட்டு இப்படி வந்த? மிதிக்காதன்னு சொன்னா மிதிக்காமலே இருந்துருவியா? சின்னப்பிள்ளையில எனக்குச் சோறு வேண்டாம் போன்னு எத்தன தடவ சொல்லிருப்பேன்? ஒரு தடவையாச்சும் சரின்னு விட்டுட்டுப் போயிருக்கியா? ஊட்டிட்டுத்தான போவ? அந்தப் போவுக்கு அர்த்தம் தெரிஞ்சவனுக்கு இந்தப் போவுக்கு மட்டும் எப்படி அர்த்தம் தெரியாமப் போச்சு?"

பெண்களின் அழுகை நின்றுவிட்டது. சீனியம்மாள்கூட வாயை மூடிக்கொண்டார்.

ஜெய்சனின் காதில் ஜெயபாண்டி பேசினான். "மாப்ள, என்ன நெனச்சு அழுகுறாகன்னு புரிஞ்சிருச்சு. வாயத் தொறக்காத. அவ பேசி முடிக்கட்டும்."

இதுதான் நான் சொன்ன சோதனை. ஒரு காதில் நண்பன், பேசாதே என்கிறான். இன்னொரு காதில் அவன் தங்கை, செத்துப்போன அண்ணனிடம் பேசுவதாக நினைத்துப் பேசுகிறாள். ஒரு வார்த்தை சொன்னால் அவள் துக்கம் தீரும். சொல்லிவிட்டால் அவள் பேச்சும் நின்றுவிடும், அண்ணனும் தங்கையும் பழையபடி எதிரெதிரே விறைத்துக்கொள்வார்கள், குவைத்தில் கையெழுத்து விழும். ஜெய்சன் தேங்காயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் அவன் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேன். அவன் என்னைவிடக் கோழையா, தைரியசாலியா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவன் சொல்லவில்லை.

8

தமிழ்ச்செல்வி தாழ்ந்த குரலில் சொன்னாள். "கப்பலூர்ல நிக்காமப் போனேல்ல, அன்னைக்கு நான் பஸ் ஸ்டாப்புலதான் நின்னேன். எந்தப் பஸ்ல வாரன்னு தெரியாது. வந்த பஸ்ஸையெல்லாம் பாத்தேன். நீ எறங்குனா கூட்டிட்டுப் போகலாம்னு."

இயர்போனில் மூச்சு மட்டும் கேட்டது.

அவள் குனிந்தாள். மாலையை ஒரு விரலால் ஒதுக்கினாள். "வாண்ணே" என்றாள்.

அதே நொடி, வாசகரே, வேறு எந்த நொடியும் கிடைக்கவில்லையா என்று என்னைத் திட்டுங்கள், அதே நொடி போனுக்குப் புத்தி வந்தது. இந்த வைஃபையால் பிரயோஜனம் இல்லை என்று முடிவு கட்டி அதை விட்டது. சிம்மைத் தேடிப் போனது. பிடித்திருந்த கை விட்டுவிட்டது, அடுத்த கை இன்னும் வரவில்லை. இயர்போனுக்குள் ஆழ்கிணற்று மௌனம். திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது. அந்த 'வாண்ணே' எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாமல் அந்தரத்தில் நின்றது.

பிறகு வட்டம் மறைந்தது. படம் வந்தது.

ஜெயபாண்டி கண்ணைத் திறந்தான்.

சீனியம்மாள் இந்தத் தடவை போட்ட அலறல் முன்னதைவிடப் பெரிது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தவரை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் சிதறினார்கள். மேளக்காரர்களுக்கு எந்த மேளம் அடிப்பது என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து யாரோ இடுப்பில் தூக்கி வந்த அழகுராஜா மட்டும், தட்டில் அசைகிற முகத்தைப் பார்த்து, பல் முளைத்த வரை காட்டிச் சிரித்தான்.

தமிழ்ச்செல்வி அப்படியே நின்றாள். முகத்தில் முதலில் உயிர் வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு இரண்டும் சேர்ந்து வந்தன. ஜெய்சனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தட்டுக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டான். காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான். இனி எல்லோருக்கும் குரல்.

"தமிழு" என்றான் ஜெயபாண்டி. கண் சிவந்திருந்தது. "பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுச்சு. அதுக்கப்பறம் கட்டாயிருச்சு. கடைசியா என்னமோ சொன்னியே, என்ன சொன்ன?"

9

இப்போது முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று: அவனுக்குக் கேட்டுவிட்டது. இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டு, கேட்காத மாதிரி நடிக்கிறான். இது எனக்குப் பிடித்த முடிவு. ஆண்களுக்கு இந்த மாதிரி சாமர்த்தியம் இருப்பதாக எழுத எனக்குப் பிடிக்கும்.

இரண்டு: அவனுக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. ஜெய்சனைக் கேட்டால் தெரியாதா என்பீர்கள். தெரியாது. போகிற சத்தத்துக்கு ஒரு வழி, வருகிற சத்தத்துக்கு ஒரு வழி. அவன் காதில் மௌனம் என்பதால் அந்தப் பக்கமும் மௌனம் என்று சொல்ல முடியாது. கடைக்காரரிடம் மறுபடி போய்க் கேட்டேன். "சார், அது அவுகவுக அதிர்ஷ்டம்" என்றார்.

மூன்று: அவள், "ஒண்ணும் சொல்லல" என்று ஆரத்தியைச் சுற்றிவிட்டு உள்ளே போகிறாள். ஜெயபாண்டியும் "ஒண்ணுமில்லன்னா சரி" என்கிறான். அப்புறம் ரெண்டு வருஷம்—

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

மூன்றையும் கனகலட்சுமியிடம் காட்டினேன். படித்தாள். எப்போதும்போல் குறை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் தாளை மடித்து வைத்துவிட்டு, "செத்தவன்கிட்ட வான்னு சொல்றது சுளுவுங்க. உசுரோட எதிர்ல நிக்கிறவன்கிட்ட, ஊரே பாக்குறப்பச் சொல்லணும். அதுதான் கஷ்டம்" என்றாள். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். விருதுநகரில் அவளுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். நாலு வருஷமாக எங்கள் வீட்டில் அவர் பேச்சை எடுப்பதில்லை. அறைக்குள் சிக்னல் போதவில்லை என்று மாடிப்படி ஏறிப் போனாள். நடுவில் வைஃபை விட்டுப்போகும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "ஞாயித்துக்கிழமைக்குக் கறி ஒரு கிலோ சேத்து எடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதனால் இந்த முடிவை நான் எழுதப் போவதில்லை. தமிழ்ச்செல்வி வாசலில் நிற்கிறாள். ஜெய்சன் தட்டை உயர்த்திப் பிடித்திருக்கிறான், அவன் கை வலிக்கிறது. மாமன் வரிசை வாசலில் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று பெரியப்பா முணுமுணுக்கிறார். கற்பூரம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. மேளக்காரர்கள் அவள் வாயையே பார்க்கிறார்கள். போனில் ஜெயபாண்டி, கண் சிமிட்டாமல், காத்திருக்கிறான்.

அவளுடைய இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன்:

தமிழ்ச்செல்வி சொன்னாள்: "                    "

மனசுக்குள் படித்தால் போதாது. வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் ஆள் இருந்தாலும் பரவாயில்லை. இப்போதைக்குச் சிக்னல் நன்றாக இருக்கிறது.